ஒரு வண்டி, ஒரு நாள்

சமபலமுள்ள எதிரியோடு மோதுவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ராணுவப் பள்ளியில் போய்ப் படிக்கலாம். இல்லையென்றால் கர்னல் முத்துகுமரனுக்கு எதிராக ஒரு நாள் நின்று பார்க்கலாம். மேஜர் மஞ்சு இரண்டையும் செய்தவள். பள்ளிக்கூடம் எவ்வளவோ பரவாயில்லை என்பாள்.

இளைத்தவனோடு சண்டை என்றால் சாலையும் நம்முடையது, வானமும் நம்முடையது. லாரிகளை வரிசையாக நிறுத்திவிட்டு டீ குடித்துக்கூடப் போகலாம். சமமானவன் அப்படி விடமாட்டான். நம்மிடம் இருக்கிற ட்ரோன் அவனிடமும் இருக்கும். நம் ஏவுகணை போகிற தூரம் அவனுடையதும் போகும். முன்னால் நிற்கிற சிப்பாயை விட்டுவிட்டு, சிப்பாய்க்குப் போகிற அரிசி மூட்டையைத்தான் அவன் முதலில் குறிபார்ப்பான். சோறும் குண்டும் வராவிட்டால் எப்பேர்ப்பட்ட வீரனும் எத்தனை நாள் நிற்பான்? மஞ்சுவின் வேலை அந்த மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ராணுவத்தின் சரக்குப் பிரிவில் அவளுக்கு இது ஒன்பதாவது வருஷம்.

போன மார்ச்சில், வடக்கே ஒரு பொட்டல்காட்டில் நடந்த பயிற்சிப் போரில் அவள் புத்தகத்தில் உள்ளபடியே செய்தாள். பன்னிரண்டு பெரிய லாரி. ஒரு லாரி நிறையக் குண்டு, ஒரு லாரி நிறைய அதைத் தள்ளிவிடும் வெடிமருந்து, ஒரு லாரியில் குண்டை வெடிக்க வைக்க அதன் மூக்கில் திருகுகிற பியூஸ், மற்றவற்றில் அரிசி, தண்ணீர், பேட்டரி, மருந்துப் பெட்டி. எதிரிப் பக்கம் நின்றவர் முத்துகுமரன். அவர் அடித்தது மூன்றே லாரி. அந்த மூன்றில் ஒன்று பியூஸ் லாரி. சரக்கில் முக்கால்வாசி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒரு பீரங்கிகூடச் சுடவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். பியூஸ் இல்லாத குண்டும் அப்படித்தான்.

தோற்றது பயிற்சியில்தானே என்று மற்றவர்கள் தேற்றினார்கள். மஞ்சுவால் அப்படித் தேற முடியவில்லை. அவள் தம்பி புவனேஷ் பீரங்கிப் படையில் நாயக். பதினாலாயிரம் அடி உயரத்தில், பனி விழுந்தால் ஐந்து மாசம் கீழே இறங்க வழியில்லாத ஒரு பீரங்கி நிலையில் இருந்தான். இந்தப் பனிக்காலத்தில் அந்தப் பகுதிக்குச் சரக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்கப் போகிறவர் சாட்சாத் கர்னல் முத்துகுமரன். அவரோ பழைய முறைப்படி பெரிய லாரி, பெரிய கிடங்கு என்று திட்டம் எழுதிக்கொண்டிருந்தார். தன்னைத் தோற்கடித்த மனுஷனே தான் தோற்ற முறையைத் தூக்கிக்கொண்டு தம்பி இருக்கிற இடத்துக்குப் போகிறாரே என்று மஞ்சுவுக்கு வயிறு எரிந்தது.

அவள் ஒரு மாற்றுத் திட்டம் எழுதினாள். அதன் விதை அவள் பிறந்த பாவூர்சத்திரத்தில் இருந்தது. அங்கே காய்கறி மார்க்கெட்டிலிருந்து புளியரை வழியாக மலை ஏறி இறங்கி, புனலூர், கொல்லம் கடைகளுக்கு டெம்போக்கள் போகும். பெரிய வியாபாரிகள் லாரி நிறையத் தக்காளி, லாரி நிறைய வெங்காயம் என்று அனுப்புவார்கள். சின்னக் கடைகளுக்குப் போகிற டெம்போக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு வண்டியிலும் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்: கத்தரி, முருங்கை, உள்ளி, பூசணி, கடைசியில் ஒரு கட்டு கறிவேப்பிலை. இதற்குச் சாம்பார் லோடு என்று பெயர். மஞ்சுவின் அப்பா அந்த லோடுதான் அடித்தார். மண் சரிந்து மலைப்பாதை அடைபட்ட ஒரு வருஷம், பத்து வண்டியில் ஏழு இந்தப் பக்கமே நின்றுவிட்டன. தாண்டிப்போன மூன்று வண்டியை வைத்து அங்கே எல்லாக் கடைக்காரனும் குறைச்சலாகவாவது சாம்பாருக்கு உள்ளதை விற்றான். பெரிய லாரியை நம்பியிருந்த கடைகளில் மலைமலையாகப் பூசணிக்காய் மட்டும் கிடந்தது.

அதையேதான் மஞ்சு எழுதியிருந்தாள். பெரிய லாரி வேண்டாம். குட்டி யானை என்று ஊரில் சொல்கிற சின்ன டெம்போ போதும். ஒவ்வொன்றிலும் ஒரு பீரங்கி நிலை ஒரு நாள் உயிரோடு இருக்கத் தேவையானது அத்தனையும் இருக்க வேண்டும்: குண்டு, வெடிமருந்து, பியூஸ், சோறு, தண்ணீர், பேட்டரி, கட்டுத்துணி. ஒரு வண்டி, ஒரு நாள். ஆறு வண்டி போனால் ஆறு நாள். ஒன்றே ஒன்று போனாலும் ஒரு நாள் நிச்சயம்.

திட்டத்தைப் படித்த முத்துகுமரன் எல்லார் முன்னாலும் சிரித்தார். "இது யுத்தமா, பாவூர்சத்திரம் மார்க்கெட்டா?" என்று கேட்டார். அவர் தென்காசிக்காரர், கோயில் மண்டகப்படி, வயல், தோப்பு என்று வாழ்ந்த பழைய குடும்பம். மார்க்கெட் என்ற சொல்லை அவர் உச்சரித்த விதத்திலேயே டெம்போக்காரர் மகளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது. ஆனால் நடுவராக இருந்த பிரிகேடியர் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மாவட்டம்தானே, உங்கள் ஊரிலேயே மோதிப் பாருங்கள், பிறகு இடம் தெரியாது, பாதை தெரியாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

அப்படித்தான் குற்றாலத்தில் சீசன் முடிந்து, கடைக்காரர்கள் மிச்சம் இருந்த துண்டையும் எண்ணெய்ப் பாட்டிலையும் கட்டி வைத்த ஒரு செப்டம்பர் வாரத்தில் பயிற்சி வந்து இறங்கியது. மலையடிவாரத்தில் நாலு பீரங்கி நிலை: பழைய குற்றாலம், ஐந்தருவி, புளியரை, மேக்கரை. தென்காசி ரயில் நிலையத்தில் இறங்குகிற சரக்கு காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குள் அங்கெல்லாம் போய்ச் சேர வேண்டும். பெட்டிகளில் இருந்தது மணல்தான். மேலே மட்டும் குண்டு, பியூஸ் என்று சீட்டு ஒட்டியிருந்தது. முத்துகுமரனிடம் நாலு ட்ரோனும் எட்டு ஏவுகணையும் இருந்தன. ஏவுகணை என்பது எட்டு சிவப்புச் சீட்டு. அவர் ஒரு சீட்டைக் கொடுத்து இடத்தைச் சொன்னால், அந்த இடத்தில் இருக்கிற வண்டியெல்லாம் செத்ததாகக் கணக்கு. செத்த வண்டிக்காரர் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு வாய் திறக்காமல் ஓரமாக உட்கார வேண்டும். போன், வயர்லெஸ் எதுவும் கிடையாது; சமமான எதிரி அதையெல்லாம் முதல் நாளே முடக்கிவிடுவான் என்றார் பிரிகேடியர்.

மஞ்சு இருபத்து நாலு குட்டி யானைகளை வாடகைக்குப் பிடித்தாள். ஓட்டுபவர்களுக்குத் தலைவர் நல்லக்கண்ணு. முப்பது வருஷமாகப் புளியரை மலைப்பாதையில் லோடு அடிக்கிறவர், அவள் அப்பாவோடு ஒன்றாக வண்டி ஓட்டியவர். ஏற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை. முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்றுவது அவர்களுக்குக் கைப்பழக்கம். குண்டுக்கும் பியூஸுக்கும் நடுவில் மணல் மூட்டைத் தடுப்பு வைக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதியைக்கூட, பூசணிக்கும் தக்காளிக்கும் நடுவில் வைக்கோல் வைப்பதைப் போலத்தானே என்று அரை நிமிஷத்தில் புரிந்துகொண்டார்கள். மஞ்சுவின் ஹவில்தார் பாண்டிராஜ் இந்த விதியைத் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டவன். அன்றைக்கு அவன் தானே போய் மணல் மூட்டை தூக்க ஆரம்பித்துவிட்டான்.

ஒரு விஷயத்தில் மட்டும் முட்டிக்கொண்டது. ஒவ்வொரு வண்டியிலும் பாதி லோடுதான் ஏற்ற வேண்டும் என்றாள் மஞ்சு. வழியில் ஒரு வண்டி படுத்துவிட்டால் அதன் சரக்கைப் பின்னால் வருகிற வண்டி வாங்கிக்கொள்ள இடம் வேண்டும்; தவிர, அடிபட்டாலும் கொஞ்சம்தான் போகும் என்பது அவள் மனசில் இருந்த கணக்கு. நல்லக்கண்ணு காலி இடத்தைப் பார்த்தார். வீட்டில் இழவு விழுந்த மாதிரி முகம் போனது.

"அரை லோட்ல வண்டி எடுத்தா டீசலுக்குப் பிடிச்ச கேடுலா. எங்கன உண்டும்மா இந்த வழக்கம்?" என்றார்.

டீசல் போனால் போகட்டும் அண்ணாச்சி, இது என் பொறுப்பு என்று சமாதானம் சொன்னாள். இன்னொருவர், குற்றாலத்துக்கு வருகிற டூரிஸ்ட் வேன்களுக்குள் பெட்டியை மறைத்துக் கொண்டுபோனால் எந்த ட்ரோனும் கண்டுபிடிக்காதே என்று யோசனை சொன்னார். மஞ்சுவுக்குச் சுருக்கென்றது. நாளைக்கு நிஜச் சண்டையில் நாம் அப்படி ஒளிந்தால், குளிக்க வந்த குடும்பத்து மேலேதான் அடி விழும், அந்தப் பேச்சே வேண்டாம் என்று வெட்டிவிட்டாள். எல்லா வண்டியிலும் ராணுவ வண்டி என்பதற்கு அடையாளமாகப் பச்சைக் கொடி கட்டச் சொன்னாள். யார் எந்த நேரம் கிளம்ப வேண்டும், எந்தப் பாதை, எங்கே நிற்கக் கூடாது என்பதை ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் குறைந்தது கால்மணி இடைவெளி.

இதோடு இன்னொரு வேலையும் செய்தாள். தென்காசிக்கு வெளியே பூட்டிக் கிடந்த ஒரு அரிசி ஆலை வளாகத்தை வாடகைக்குப் பிடித்து, வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி, வாசலில் இரண்டு காவல்காரர்களை நிறுத்தினாள். முத்துகுமரனுக்கு எதிலும் நடுவான இடம் ஒன்று வேண்டும். கிடங்கு எங்கே, கிடங்கு எங்கே என்றுதான் தேடுவார். தேடட்டும், ஒன்றைக் கொடுப்போம் என்று அவள் நினைத்தாள்.

பயிற்சி நாள் காலை சாரல் போட்டது. மலையே தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடுவரின் அலுவலகம். சுவரில் பெரிய பலகை. அதில் இருபத்து நாலு வண்டிக்கும் ஒரு கட்டம். பலகையைப் பார்க்க மஞ்சுவுக்கு அனுமதி உண்டு, வண்டிகளோடு பேச அனுமதி இல்லை. கிளம்பின வண்டி தன் கையை விட்டுப் போனதுதான். வாழ்க்கையில் இவ்வளவு சும்மா உட்கார்ந்தது கிடையாது என்று அவளுக்குக் கையும் காலும் பரபரத்தன.

எட்டரை மணிக்குள் முத்துகுமரன் அரிசி ஆலையைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஏவுகணை போட்டார். தார்ப்பாய்க்குக் கீழே இன்னும் இருக்கும் என்று நினைத்து இன்னும் இரண்டு போட்டார். நடுவரின் ஆள் வந்து, மூன்று ஏவுகணைக்குச் சேதம் இருநூறு கட்டு வைக்கோல் என்று பலகையில் எழுதினான். பாண்டிராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் மண்டபத்துக்கு வெளியே போய்விட்டான். மஞ்சுவும் சிரித்தாள். ஆனால் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள்: இன்னும் ஐந்து.

பதினொரு மணிக்குள் மேகம் விலகி மூன்று வண்டி மாட்டின. பழைய குற்றாலம் போன ஒன்று, ஐந்தருவி போன ஒன்று, மேக்கரைக்குக் கிளம்பின ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏவுகணை செலவு. இருபத்து நாலில் மூன்று. ஒரு குட்டி யானைக்கு ஒரு ஏவுகணை என்று எந்தத் தளபதி செலவழிப்பான், அவனுக்கே கட்டுப்படியாகாது. திட்டம் அவள் எழுதின மாதிரியே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மஞ்சு அன்றைக்கு முதல் தடவையாக டீ குடித்தாள்.

பன்னிரண்டு பத்துக்குப் பலகைக்காரன் எழுந்து போய், ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று சிவப்பு அடித்துக்கொண்டே போனான். நிறுத்தவே இல்லை. எட்டுக் கட்டம். இடம், செங்கோட்டைக்கு வெளியே ஒரு டீக்கடை. ஒரே ஏவுகணை.

மஞ்சுவுக்கு ஒன்றும் புரியவில்லை. கால்மணிக்கு ஒன்று என்று கிளம்பின வண்டிகள் எப்படி ஒரே இடத்தில் வந்து நின்றன? நடுவரின் ஆள் சம்பவ அறிக்கையைக் காட்டினான். அதைப் படிக்கப் படிக்கத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த எட்டில் முதலில் போன நல்லக்கண்ணு அந்த டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். அரை லோடு அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியிருக்கிறது. பின்னால் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கைகாட்டி நிறுத்தி, எட்டு அரை லோடையும் நாலு முழு லோடாக்கி, நாலு வண்டியைச் சும்மா வீட்டுக்கு அனுப்பினால் மேடத்துக்கு டீசல் மிச்சம் என்று முடிவு பண்ணியிருக்கிறார். மேக்கரைக்குப் போக வேண்டிய நாலு, புளியரைக்குப் போக வேண்டிய நாலு. எட்டும் முதுகோடு முதுகு சேர்ந்து பெட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ட்ரோன் நின்றிருக்கிறது. பாவூர்சத்திரத்து டெம்போக்காரரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு செய்யத் தோன்றியிருக்காது. நன்றி விசுவாசத்தில் செய்த தப்பு. திட்டுவதற்குக்கூட வழியில்லை.

குறை தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. பாதி லோடு ஏன் என்று ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் சொல்லியிருக்க வேண்டும். என் பொறுப்பு என்ற ஒரு வார்த்தையோடு முடித்துவிட்டாள். முப்பது வருஷப் பழக்கம் அந்த ஒரு வார்த்தைக்கு அடங்குமா? பலகையில் பதினொரு கட்டம் சிவப்பாகிவிட்டது. மேக்கரைக்கு ஒதுக்கின ஆறில் ஐந்து போயாச்சு. மிச்சம் ஒன்று. அந்த ஒன்றைச் சுரண்டைக்காரி முத்துச்செல்வி ஓட்டினாள். எல்லாருக்கும் கடைசியாக, ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி. முத்துகுமரனிடமும் மிச்சம் ஒரே ஒரு ஏவுகணைதான்.

அந்த ஒன்று போதும். ஒரு நிலைகூட விழாது என்பதுதான் திட்டத்தின் உயிர்; மேக்கரை விழுந்தால் திட்டமும் விழுந்தது. திட்டம் விழுந்தால் பெரிய லாரிகள் பனிமலைக்கு வரிசையாக ஏறும். தம்பி குண்டை வைத்துக்கொண்டு பியூஸுக்காகக் காத்திருப்பான். மஞ்சு மண்டபத்து முற்றத்தில் போய் நின்றாள். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வெளிப்படையாகச் சொன்னால், அவ்வளவு பயம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

முத்துச்செல்வி போன கதை பிற்பாடு அவளே சொல்லித் தெரிந்தது. செங்கோட்டையை நெருங்கும்போது டீக்கடை ஓரமாக எட்டு வண்டி, எட்டிலும் வெள்ளைத் துணி. பெஞ்சில் நல்லக்கண்ணு தலைமேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். என்ன அண்ணாச்சி ஆச்சு என்று இவள் வண்டியை மெதுவாக்கிக் கேட்டாள். செத்தவர் பேசக் கூடாதே. அவர் பதில் சொல்லாமல் வானத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார். நிற்காதே என்பதை ஒரு பிணம் இதற்கு மேல் எப்படிச் சொல்லும்? முத்துச்செல்வி மிதித்தாள். சீட்டில் எழுதியிருந்தபடி பண்பொழி பக்கம் திரும்பித் தென்னந்தோப்பு வழியாகப் போனாள். பாதி லோடு என்பதால் சேற்றிலும் வண்டி துள்ளிக்கொண்டு ஏறியது. மேலே ட்ரோன் சத்தம் கேட்டபடியே இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மண்டபத்தில் இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. பலகைக்காரன் எழுந்திருக்கவில்லை. கடைசி ஏவுகணை எங்கேயும் விழவில்லை. ஐந்து மணிக்கு விசில் ஊதிப் பயிற்சியை முடித்தார்கள். முத்துகுமரன் மண்டபத்துக்குள் நுழைந்தபோது நடையிலேயே ஜெயித்த களை தெரிந்தது. பலகையில் இருபத்து நாலுக்குப் பதின்மூன்று. மார்ச்சில் போய்ச் சேர்ந்தது முக்கால்வாசி. இப்போது பாதியைவிட ஒன்று கூட, அவ்வளவுதான்.

"மஞ்சு, மார்ச்சுலயே நீ இதைவிட நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்று சிரித்தார்.

பிரிகேடியர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை மூட்டை போயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை, எந்தப் பீரங்கி சுடும் என்றுதான் கேட்கப்போகிறேன், கிளம்புங்கள் என்று ஜீப்பில் ஏறினார்.

பழைய குற்றாலத்தில் ஐந்து வண்டி வந்திருந்தது. பீரங்கிக்காரர்கள் குண்டை எடுத்தார்கள், மருந்தை எடுத்தார்கள், பியூஸைத் திருகினார்கள், தயார் என்றார்கள். ஐந்தருவியிலும் அதே. புளியரையில் இரண்டே வண்டி, அங்கும் தயார். ஒவ்வொரு இடத்திலும் பிரிகேடியர் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார், தண்ணீர்க் கேனைத் தட்டிப் பார்த்தார், பேட்டரியை வயர்லெஸில் மாட்டிப் பேசச் சொன்னார். புளியரையிலிருந்து கிளம்பும்போது முத்துகுமரன் முகத்தில் சிரிப்பு இல்லை.

மேக்கரையில் மலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அணைப் பக்கமிருந்து ஈரக்காற்று. பீரங்கிக்குப் பக்கத்தில் ஒற்றைக் குட்டி யானை, சக்கரமெல்லாம் செம்மண். முத்துச்செல்வி தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தாள். பிரிகேடியர் இறங்கி நேரே பீரங்கித் தலைவனிடம் போனார். குண்டு எத்தனை என்றார். பன்னிரண்டு என்றான். மருந்து? பன்னிரண்டு.

"பியூஸ்?"

"பன்னிரண்டு சார்."

ஏற்று என்றார் பிரிகேடியர். ஆறு பேர் ஓடினார்கள். ஒருவன் தூக்க, ஒருவன் திருக, ஒருவன் தள்ள, பின்கதவு மூடிய சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. தயார் என்று தலைவன் கத்தின கத்தலில் பக்கத்துத் தோப்பில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. நேற்று வரை மஞ்சுவின் பெயரே தெரியாத பையன்கள்தான். ஆனால் ஒரு நாள் தாங்குவோம், நாளைக்கு அடுத்த வண்டி வந்துவிடும் என்ற தெம்பு அந்தக் கத்தலில் இருந்தது. மஞ்சு சந்தோஷத்தில் பக்கத்தில் நின்ற முத்துச்செல்வியின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

பிரிகேடியர் படிவத்தை எடுத்தார். வீழ்ந்த நிலைகள் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு முத்துகுமரன் பக்கம் திரும்பி, கடைசி ஏவுகணையை ஏன் வைத்துக்கொண்டே இருந்தீர்கள் என்று கேட்டார். இந்த வண்டியை ட்ரோனில் பார்த்தேன் என்று கர்னல் ஒளிக்காமல் சொன்னார். ஒற்றை வண்டி, அதுவும் பாதி காலி. இதற்குப் போய் ஏவுகணையா, பின்னால் நிஜமான சரக்கு எங்கேயோ வருகிறது, அதற்கு வேண்டும் என்று காத்திருந்தேன். கடைசி வரைக்கும் கிடங்கைத் தேடினேன்.

"கிடங்கே கிடையாது சார். போன ஒவ்வொரு வண்டியும்தான் கிடங்கு" என்றாள் மஞ்சு.

கர்னல் டெம்போவின் பின்பக்கம் போய் நின்று, காலியான தளத்தையும் மணல் மூட்டைத் தடுப்பையும் வெகுநேரம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, வீம்புக்காரர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கெட்டவர் என்றால் பலகையில் உள்ள பதின்மூன்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் வாதாடியிருப்பார். நல்லக்கண்ணுவின் கூத்தையும் அவர் மறக்கவில்லை. ஒரு அடியில் எட்டு வண்டி போன பிறகும் நாலு நிலையும் நிற்கிறது என்றால், தப்பு செய்கிற மனுஷர்களையும் சேர்த்துத் தாங்குகிற திட்டம் இது என்று பிரிகேடியரிடம் இங்கிலீஷில் சொன்னார். மஞ்சுவே அப்படி யோசித்துப் பார்த்ததில்லை. எதிரி வாயால் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இத்தனை நாளும் எழுதி வைத்திருந்த பனிக்காலத் திட்டத்தைக் கர்னல் பையிலிருந்து எடுத்தார். முதல் பக்கத்தில் பெரிய லாரிகளின் எண்ணிக்கை. அதன் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தைத் திருப்பினார், அடுத்ததிலும் இழுத்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட்டு, பேனாவை மூடாமலே அவளிடம் நீட்டினார். அதற்குப் பிறகு அவர் பேசியது இங்கிலீஷில் இல்லை.

"உன் தம்பி அங்கன எந்த நெலையில இருக்கான்?"

தம்பி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே மஞ்சுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நிலையின் எண்ணைச் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"எல்லா நெலைக்கும் நீயே எழுது. அடுத்த வாரம் போற மொத வண்டிய நானே ஏத்துதேன். எது மேல எது வைக்கணும்னு பக்கத்துல நின்னு சொல்லு."

ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்துப் போட்டு மஞ்சு எழுத ஆரம்பித்தாள். ஒரு வண்டி, ஒரு நாள் என்று எழுதி, கீழே பனிமலையில் உள்ள பதினோரு நிலைகளின் எண்ணையும் வரிசையாகப் போட்டாள். தம்பியின் நிலை நாலாவது வரியில் வந்தது. எதிரே நின்று கர்னல் ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்.